பியானோவில் ரீங்கரித்தது யார்?

"ஒலிப்பலகை பிளந்துவிட்டதாம். அதைச் சரிசெய்யும் செலவுக்கு வேறு பியானோவே வாங்கிவிடலாமாம். விற்றுவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார் நண்பர்.

சென்னையில் அவர் வீட்டுக் கூடத்தில் சுவரோரமாக நிற்கும் அந்தப் பியானோ, அவருடைய தாயார் வாசித்தது. இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் அதில் பயில்கிறாள். அவளுடைய இசைத் தேர்வுக்கு ஆறு வாரங்களே இருந்தன. வாசிக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு வண்டு அகப்பட்டுக்கொண்டதுபோல 'ஙொய்ங்' என்று ஓர் ஒலி. சுருதி கூட்ட வந்தவர் பியானோவின் பின்புறத்தைப் பார்த்தார், பலகையில் நீளமான விரிசல் ஒன்றைக் கண்டார், தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

விரிசலை நானும் பார்த்தேன். அது உண்மைதான். ஆனால் ரீங்காரத்துக்குக் காரணம் அதுதானா?

"எந்தக் கட்டையை அழுத்தினாலும் வருகிறதா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"இல்லை மாமா. நடு 'சி'க்குக் கீழே இருக்கிற 'ஜி'யில்தான் அதிகம். அதற்குக் கீழ் 'ஜி'யிலும் லேசாக வருகிறது. பக்கத்துக் கட்டைகளில் இல்லை."

பாதி வேலையை அவளே முடித்துவிட்டாள். எப்படி என்பதை அறிய, பியானோவின் உட்புறத்தைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

பியானோவில் 88 கட்டைகள் உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால், ஃபெல்ட் சுற்றிய சிறு சுத்தியல் ஒன்று அதற்குரிய கம்பிகளைத் தட்டிவிட்டு உடனே விலகிவிடுகிறது. கீழ்ச் சுரங்களுக்குத் தாமிரம் சுற்றிய பருமனான கம்பி ஒன்றோ இரண்டோ. மற்றச் சுரங்களுக்கு மும்மூன்று. ஆக இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள். அவை அனைத்தின் இழுவிசையையும் கூட்டினால் பல டன் எடைக்குச் சமமாகும்! அதைத் தாங்கவே உள்ளே கனமான வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கிறது. மெல்லிய கம்பி தானாகக் காற்றை அதிகம் அசைக்காது. வயலினில் உள்ளதுபோன்ற 'குதிரை' ஒன்றின் வழியாக அதன் அதிர்வு அகன்ற மரப்பலகைக்குச் செல்கிறது. அந்த ஒலிப்பலகைதான் காற்றை அசைத்துக் கூடம் முழுவதும் ஒலியை நிரப்புகிறது. அறையிலுள்ள மற்றப் பொருள்களையும் அதே காற்றுதான் தட்டுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய இயல்பதிர்வெண் உண்டு. அதே அதிர்வெண்ணில் வெளியிலிருந்து தூண்டினால் அது பெரிய வீச்சுடன் அதிரும். இதுவே ஒத்ததிர்வு. சுரமானிக் கம்பிமேல் காகிதத் துண்டை வைத்து, இசைக்கவையைத் தட்டி, துண்டு துள்ளி விழுவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். நண்பர் வீட்டிலும் எங்கோ ஒரு 'காகிதத் துண்டு' துள்ளிக்கொண்டிருந்தது. அந்த 'ஜி'யின் அதிர்வெண் 196 ஹெர்ட்ஸ். கீழ் 'ஜி' 98 ஹெர்ட்ஸ். ஆனால் கம்பி ஒருபோதும் ஒரே அதிர்வெண்ணில் மட்டும் ஒலிப்பதில்லை. 98-இன் முதல் மேற்சுரம் 196 ஆகும். அதனால்தான் அங்கும் லேசாக வந்தது!

உங்களுக்குப் பியானோ கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். நடு 'சி' கட்டையை ஓசை வராதபடி மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் கம்பிகளின்மேல் இருக்கும் அதிர்வடக்கி விலகிவிடும். இப்போது ஒரு ஸ்தாயி கீழே உள்ள 'சி'யை ஓங்கித் தட்டி உடனே விட்டுவிடுங்கள். தட்டிய கம்பி அடங்கிய பின்னும், தட்டாத நடு 'சி' பாடிக்கொண்டிருக்கும்.

குற்றவாளி 196 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும் ஏதோ ஒரு பொருள் என்று தெரிந்தது. கம்பிகளே குற்றவாளியாக இருக்குமோ? 'ஜி'க்குரிய மூன்று கம்பிகளில் இரண்டிரண்டாக ரப்பர் துண்டு செருகி அடக்கிவிட்டு, எஞ்சிய ஒன்றை மட்டும் ஒலிக்கச் செய்தேன். மூன்று முறையும் ரீங்காரம் வந்தது. மூன்று கம்பிகளும் ஒரே நேரத்தில், ஒரே விதமாகக் கெட்டுப்போவது அரிது. கம்பிகளை விடுவித்துவிட்டேன்.

மறுநாள் கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து அலையியற்றி ஒன்றையும் ஒலிபெருக்கியையும் கொண்டுபோனேன். (இப்போது கைபேசிச் செயலியே இந்த வேலையைச் செய்துவிடும், அதை நல்ல ஒலிபெருக்கியுடன் இணைக்க வேண்டும், அவ்வளவுதான்.) பியானோவை மூடி வைத்து, அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்தினேன். 180-இல் அமைதி. 190-ஐத் தாண்டியதும் வண்டு விழித்தது. 196-இல் உச்சம். 205-இல் மீண்டும் அமைதி. பியானோவை யாரும் தொடவே இல்லை!

ஆனாலும் ஒலிப்பலகையை இன்னும் விடுவிக்க முடியாது. காற்றின் அதிர்வால் அதுவும் ஆடலாம் அல்லவா? ஆகவே இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இங்கே செவி நம்மை ஏமாற்றும். இரண்டு இடங்களிலிருந்து ஒலி சற்று முன்பின்னாக வரும்போது, முதலில் வந்த ஒலியின் திசையிலிருந்தே எல்லாம் வருவதாக மூளை எண்ணிக்கொள்ளும். எனவேதான் ரீங்காரம் பியானோவுக்குள்ளிருந்து வருவதாக எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. பியானோவின் சுரம் சில விநாடிகளில் தேய்ந்துவிடும்; அலையியற்றியோ சலிக்காமல் ஒலிக்கும். தேட நேரம் கிடைத்தது. ஒரு மீட்டர் நீள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்புபோல் நகர்த்திக்கொண்டே போனேன். பியானோவின் முகப்பு, மூடி, பின்பலகை: எங்கும் வெறும் சுரமே கேட்டது. எதிர்ச்சுவரில் நின்ற கண்ணாடி அலமாரியை நெருங்கியதும் காது கூசியது!

நடுக் கதவின் கண்ணாடியை விரலால் அழுத்தினேன். வண்டு மாயமானது. விரலை எடுத்தேன். மீண்டும் வந்தது.

கண்ணாடியைப் பிடித்திருந்த மெல்லிய பீடிங் சட்டத்தில் ஓர் ஆணி கழன்றிருந்தது. "பொங்கலுக்கு வெள்ளையடித்தபோதுதான் அந்த அலமாரியை இங்கே நகர்த்தினோம்" என்றார் நண்பரின் மனைவி. பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு கீற்று வெட்டி இடுக்கில் செருகி, ஆணியை அடித்தோம்.

வெற்றிக் களிப்புடன் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "மாமா, இன்னொன்று இருக்கிறது" என்றாள் அந்தப் பெண். இடதுகைப் பக்கம் ஒரு கீழ்ச் சுரத்தை ஓங்கித் தட்டினாள். கிர்ர்ர்... மெதுவாகத் தட்டினாள். ஒன்றுமில்லை.

அழுத்தித் தட்டினால் மட்டும் வரும் ஒலி நல்ல துப்பு. தளர்வாகக் கிடக்கும் பொருள், அதைத் தாங்கும் பரப்பு ஆடினால் தானும் சேர்ந்து ஆடும். ஆனால் பரப்பு கீழ்நோக்கிச் செல்லும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 மீ/வி²-ஐ மிஞ்சினால் பொருளால் பின்தொடர முடியாது. அந்தரத்தில் நின்றுவிட்டு 'டக்'கென்று மோதும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான மோதல்களே ரீங்காரம். சீரிசை இயக்கத்தில் உச்ச முடுக்கம் 4π²f²A என்று மேல்வகுப்பில் படிப்பீர்கள். F அதிர்வெண், A வீச்சு. f = 100 ஹெர்ட்ஸ் என்று போட்டுப் பாருங்கள். A வெறும் 0.025 மி.மீ. வந்தாலே பொருள் துள்ளத் தொடங்கும். தலைமயிரின் பருமனைவிடக் குறைவு! f = 1000 என்றால் இன்னும் நூறு மடங்கு குறைந்த வீச்சே போதும். கீழ்க் கம்பிகள் மேற்சுரங்கள் நிறைந்தவை. அவற்றை ஓங்கித் தட்டும்போது இந்த எல்லை எளிதில் தாண்டப்படுகிறது.

ஆக, ஏதோ ஒன்று உள்ளே தளர்வாகக் கிடக்கிறது. பியானோவின் கீழ் முகப்புப் பலகை ஒரு வில்பட்டையால்தான் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை மேலே தள்ளினால் பலகை கையோடு வந்துவிடும். டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தோம். தூசிக்கு நடுவே ஒரு பென்சில் துண்டு, இரண்டு நாணயங்கள். ஒலிப்பலகையின் அடிவிளிம்புக்கும் சட்டத்துக்கும் இடையே சாய்ந்தபடி ஒரு கொண்டை ஊசி! அதை எடுத்ததும் கீழ்ச் சுரம் கோயில் மணிபோல் ஒலித்தது. நண்பர் அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தாயார் காலத்து ஊசி அது.

அப்படியானால் அந்த விரிசல்? பியானோவைச் சுவரைவிட்டு நகர்த்தி அதையும் சோதித்தோம். மரம் ஈரத்தில் நார்களுக்குக் குறுக்காக உப்பும், வறட்சியில் சுருங்கும். மழைக்காலமும் குளிர்சாதனமும் மாறி மாறி வந்தால் பலகை வெடிப்பது இயல்பே. விரிசலின் விளிம்புகள் ஒன்றோடொன்று உரசினாலோ, பலகையின் பின்னால் ஒட்டியுள்ள விலாச் சட்டம் பசை விட்டுக் கழன்றாலோதான் ஒலி கெடும். சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே மெல்லிய காகிதத்தைச் செருக முயன்றேன், எங்கும் நுழையவில்லை. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வாசிக்கச் சொன்னேன், ஒலி மாறவில்லை. கண்ணுக்குத் தெரிந்த குறை அதுதான். ஆனால் அது வாய் திறக்கவே இல்லை.

வேறு வீடுகளில் குற்றவாளி வேறாக இருக்கும். மூடிக் கீலின் ஊசி, பியானோமேல் வைத்த புகைப்படம், மிதிகட்டையின் தண்டு, விளக்குத் தாங்கி. கீழ்க் கம்பி ஒன்றே தனியாகக் கரகரத்தால் அதன் தாமிரச் சுற்று தளர்ந்திருக்கலாம். அது தேர்ந்தவரின் வேலை. அவர் கம்பியைச் சுற்றின் திசையிலேயே ஒரு முறுக்கு முறுக்கி மாட்டிச் சரிசெய்வார். இழுவிசை மிகுந்த கம்பிகளிலும், அவற்றின் முளைகளிலும், இரும்புச் சட்டத்தின் திருகுகளிலும் நீங்கள் கை வைக்கவே கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே விரட்டப் பாடுபடும் ரீங்காரத்தைத் தம்புராவில் நாமே வரவழைக்கிறோம்! குதிரைக்கும் கம்பிக்கும் இடையே நூல் வைத்து 'ஜீவா' பிடிக்கிறோமே, அது கம்பி குதிரையின் வளைந்த பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகச் செய்யும் ஏற்பாடுதான். சர் சி.வி. ராமன் பியானோச் சுத்தியலின் மோதலைப் பற்றி 1920-இலும், தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரைகளைப் பற்றி 1921-இலும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார். ஒளிச்சிதறல் ஆய்வில் அவர் நோபல் பரிசு பெற்றது அதன் பின் 1930-இல்.

நண்பர் பியானோவை விற்கவில்லை. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தோம். நீளுகிறதா என்று பார்க்கத்தான். தாயாரின் படம் மீண்டும் பியானோமேல் ஏறியது. அதன் நான்கு மூலைகளின் அடியிலும் அந்தப் பெண் ஃபெல்ட் துண்டு ஒட்டியிருக்கிறாள்.