செப்டிக் டேங்க் லாரியை அழைக்கும் முன் உரிமத்தைக் கேளுங்கள்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரம் தொழிற்பகுதியில் மின்கம்பங்களிலும் காம்பவுண்டு சுவர்களிலும் செல்போன் எண்கள் எழுதியிருக்கும். ‘செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப்படும்’ என்று மேலே ஒரு வரி. ஆள் பெயரோ உரிம எண்ணோ இருப்பது அபூர்வம். தொட்டி நிரம்பி, கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கிற காலை நேரத்தில், விடுதி நடத்துபவரும் வீட்டு உரிமையாளரும் அந்த எண்ணைத்தான் அழைக்கிறார்கள். வருகிறவரிடம் பெரும்பாலும் ஒரு கேள்விதான் கேட்கப்படுகிறது: “லோடுக்கு எவ்வளவு?”

இன்னும் சில கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டிய பகுதி இது. 2019 மார்ச் 26 அன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில், ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கில் 6 பேர் இறந்தார்கள். உள்ளே விழுந்தவரைத் தூக்கப் போனவர்களும் திரும்பவில்லை. 2021 பிப்ரவரியில் இருங்காட்டுக்கோட்டை அருகே ஒரு கேட்டரிங் நிறுவனத்தின் தொட்டியில் 3 பேர். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் பகுதி சொகுசு விடுதி ஒன்றில் மேலும் 3 பேர். நான்கு ஆண்டுகளுக்குள் இந்த மூன்று இடங்களில் மட்டும் 12 உயிர்கள் போயிருக்கின்றன.

ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் விழுவதற்குக் காரணம் தொட்டிக்குள் இருக்கும் காற்று. மூடிய தொட்டியில் மலக்கழிவு மக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் உண்டாகின்றன, ஆக்சிஜன் குறைகிறது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. “நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்” என்று தோன்றும் நேரம்தான் மிக ஆபத்தானது. 700, 1,000 என்று ஏறினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். மூக்கில் கட்டும் துண்டும் துணி மாஸ்க்கும் இந்த வாயுவைத் தடுக்காது. வாயு இருக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கொளுத்தினால் மீத்தேன் வெடிக்கும். பாசத்தில் குதிக்கும் மகனும் பதற்றத்தில் இறங்கும் பக்கத்து வீட்டுக்காரரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலுக்குத் தடை விதிக்கும் 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 7-வது பிரிவு, சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய யாரும் ஆளை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. உள்ளாட்சி, ஏஜென்சி, தனிநபர் எல்லோருக்கும் இது பொருந்தும். முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மீறினால் 5 ஆண்டும் 5 லட்சமும் வரை போகும். “அவரே இறங்குறேன்னு சொன்னாருங்க” என்று உரிமையாளர் தப்பித்துக்கொள்ள இந்தச் சட்டம் வழி வைக்கவில்லை. இப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

லாரிகளைப் பொறுத்தவரை, தமிழக அரசு 2022-இல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்தியது. 2023 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. கழிவு உறிஞ்சும் ஒவ்வொரு வண்டிக்கும் உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். கட்டணம் 2,000 ரூபாய். 2 ஆண்டு செல்லும். வண்டியில் ஜிபிஎஸ் கட்டாயம். உரிமம் இல்லாமல் ஓடினால் முதல் முறை 25,000, அடுத்த முறை 50,000 ரூபாய் அபராதம்.

இங்கேதான் சுங்குவார்சத்திரத்துக்கு ஒரு சிக்கல். இந்தத் திருத்தம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கானது. இந்தத் தொழிற்பகுதியைச் சுற்றியிருப்பவையோ பெரும்பாலும் கிராம ஊராட்சிகள். தொழிற்சாலைகள் வந்தபின் இங்கே வீடுகள் மாடி மேல் மாடியாக விடுதிகளாயின. ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டு பேர் என்று தங்குகிறார்கள். ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய தொட்டி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் போதும் என்ற கணக்கில் கட்டியது. அது இப்போது சில மாதங்களிலேயே நிரம்புகிறது. தேவை நகரத்து அளவில் இருக்கிறது, கண்காணிப்போ கிராமத்து அளவில் நிற்கிறது. இந்த இடைவெளியை அரசுதான் அடைக்க வேண்டும். ஊராட்சிப் பகுதி லாரிகளுக்கும் அதே கண்டிப்பு வரவேண்டும். அதுவரை உரிமையாளர் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

லாரிக்காரர் உறிஞ்சியதை எங்காவது கொட்டியாக வேண்டும். முறையாகத் தொழில் செய்பவர் அதை ஒரு நகர உள்ளாட்சியின் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோவார். ஆகவே ஊராட்சியில் இருப்பவரும் போனிலேயே கேட்கலாம்: எந்த உள்ளாட்சியில் உரிமம், எந்த நிலையத்தில் இறக்குகிறீர்கள்? உரிமத்தைப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதிலுள்ள வண்டி எண்ணும் வாசலில் வந்து நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே உரிமத்தைக் காட்டி மூன்று வண்டி ஓட்டினால் இந்தச் சிறு சோதனையில் பிடிபட்டுவிடும். முடியும் தேதியையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கே போன் போடலாம். ஆள் தெரியாதவர்கள் 14420 என்ற உதவி எண்ணில் கேட்கலாம்.

எங்கே இறக்கினார்கள் என்பதற்கு ரசீதும் கேளுங்கள். இரவில் வாய்க்காலில் திறந்துவிடப்படும் லோடு காணாமல் போய்விடுவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேருவது சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கத்துக்கு.

காகிதமெல்லாம் சரியாக இருந்தும் ஆபத்து வருகிற ஒரு தருணம் உண்டு. மேலே இருக்கும் நீர்க்கழிவை ஹோஸ் எளிதாக உறிஞ்சிவிடும். அடியில் இறுகிப்போன சேறு வராது. ஹோஸ் காற்றை இழுத்துச் சத்தம் போடும். அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: “அடி கெட்டியா இருக்குது சார், ஒரு ஆள் இறங்கிக் கிளறிவிட்டா முடிஞ்சிடும். தனியா ஐந்நூறு குடுத்துடுங்க.” அந்த இடத்தில் உரிமையாளர் சொல்லவேண்டிய பதில் ‘வேண்டாம்’ ஒன்றுதான். தண்ணீர் ஊற்றி ஊறவிடலாம். பிரஷர் ஜெட்டால் உடைக்கலாம். லாரியில் ஏற்றிய கழிவுநீரையே திரும்ப வேகமாகப் பாய்ச்சிச் சேற்றைக் கலக்கி உறிஞ்சலாம். அனுபவமுள்ள ஓட்டுநர்களுக்கு இது தெரிந்த வேலை. எதற்கும் மசியாவிட்டால் கொஞ்சம் சேறு அடியிலேயே கிடக்கட்டும், தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. இதை லாரியை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்: ஆள் இறங்கினால் பணம் கிடையாது. தப்பித் தவறி யாராவது உள்ளே விழுந்துவிட்டால் வேறு யாரும் இறங்காமல் உடனே 101, 108 இரண்டையும் அழையுங்கள்.

தொழிற்சாலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஊழியர் விடுதி ஒன்றில் சாப்பாடு நஞ்சாகி, பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தபோது, விடுதிகளின் சமையலறை, கழிவறை நிலை உலகச் செய்தியானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அரசு குடியிருப்பு திறக்கப்பட்டது. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் இன்னும் தனியார் விடுதிகளில்தான் இருக்கிறார்கள். விடுதியோடு ஒப்பந்தம் போடும் நிறுவனம், சாப்பாட்டைச் சோதிப்பது போலவே கழிவுநீர் லாரியின் உரிமத்தையும் ரசீதையும் கோப்பில் வைக்கச் சொல்லலாம். விடுதிக்காரர் அந்தப் பேச்சைத் தட்டமாட்டார். அவருடைய வருமானமே அந்த ஒப்பந்தம்தான்.

தொட்டியில் இறங்க அழைக்கப்படுகிறவர்கள் காலங்காலமாக அந்த வேலைக்கென்று ஒதுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களாகவோ, அன்றைய கூலி இல்லாமல் வீடு திரும்ப முடியாத வெளியூர்க்காரர்களாகவோதான் பெரும்பாலும் இருக்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. அதனால்தான் அந்தச் சொல் உரிமையாளரிடமிருந்து வரவேண்டும்.

ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உரிமம் பெற்ற லாரிகளின் எண், உரிமம் முடியும் தேதி, உரிமையாளரின் தொலைபேசி ஆகியவற்றை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகவே போடலாம்.