265 கி.மீ பறக்க ஒன்றேகால் மணி நேரமா? புதுச்சேரி - பெங்களூரு விமானப் பயணத்தின் உண்மைக் கணக்கு

முதலியார்பேட்டையில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வருகிறது. நீங்கள் இருப்பது பெங்களூரு. விமானமா, பஸ்ஸா? எதில் சீக்கிரம் வீடு வந்து சேரலாம்?

மேப்பில் பார்த்தால் பதில் சுலபம். பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்துக்கும் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 265 கி.மீ தான். சாலை வழி என்றால் 300 கி.மீ-க்கு மேல்.

அரை மணி நேரம் எங்கே, ஒன்றேகால் மணி எங்கே?

இந்த வழித்தடத்தில் 2024 டிசம்பர் 20-ல் இண்டிகோ சேவையைத் தொடங்கியது. பறப்பது ஏடிஆர் 72 என்ற சிறிய, விசிறி வைத்த விமானம். லாஸ்பேட்டை ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது.

ஏடிஆரின் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. அப்படியானால் அரை மணி நேரத்தில் வந்துவிட வேண்டுமே? ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போல இருக்கும்.

காரணம், டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல், இறங்கி முழுசாக நிற்பது வரை எல்லாமே அதில் சேர்த்தி. ஓடுபாதைக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது, தாமதத்துக்கான கூடுதல் நிமிடங்கள் என எல்லாம் உண்டு. அதனால்தான் தூரம் குறைந்தாலும் நேரம் அதே அளவுக்குக் குறைவதில்லை.

வீட்டிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு?

எலெக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவரின் கணக்கு, தோராயமாக:

- தேவனஹள்ளி போக: 2 மணி நேரம்
- விமான நிலையத்தில் காத்திருப்பு: ஒன்றரை மணி
- விமானம்: ஒன்றேகால் மணி
- இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர: 20 நிமிடம்
- லாஸ்பேட்டையிலிருந்து முதலியார்பேட்டை: 30 நிமிடம்

மொத்தம் சுமார் ஐந்தரை மணி நேரம்!

அதே ஆள் ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக பஸ்ஸில் வந்தால் ஆறு முதல் ஏழு மணி நேரம். எலெக்ட்ரானிக் சிட்டி ஓசூர் சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் டிராஃபிக்கில் மாட்ட வேண்டியதும் இல்லை. ஆக, விமானத்தில் மிச்சமாவது ஒரு மணி நேரம் போலத்தான்.

ஆனால் எலஹங்கா, ஹெப்பால் பக்கம் இருப்பவருக்கு விமான நிலையம் அருகில். பஸ்ஸில் வந்தால் முழு ஊரையும் கடக்க வேண்டும். அவருக்கு விமானம் மூன்று மணி நேரம் வரைகூட மிச்சப்படுத்தும்.

அவசரம் என்றால்?

விமானம் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் கிளம்பும். இரவு 9 மணிக்கு போன் வந்தால், மறுநாள் விமானத்துக்குக் காத்திருப்பதைவிட உடனே பஸ் ஏறுவதே புத்திசாலித்தனம். காலையில் வீட்டில் இருப்பீர்கள்.

இன்னொன்று: இந்தச் சேவை நின்றுபோவதும் உண்டு. 2017-ல் உடான் திட்டத்தில் வந்த ஸ்பைஸ்ஜெட், 2024-ல் புதுச்சேரியை விட்டுப் போனது. அதனால் அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்க. டிக்கெட்டில் உள்ள நேரத்தை மட்டும் பார்க்காதீங்க, வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போடுங்க!