‘புட் அப் வித்’ என்னும் தொடர்

ஆங்கிலத்தில் ‘புட்’ என்றால் வை. ‘அப்’ என்றால் மேலே. ‘வித்’ என்றால் உடன். இம்மூன்றையும் நன்கறிந்த மாணவன் அவற்றைக் கூட்டிப் பார்த்தால் ‘மேலே உடன் வை’ என்பதன்றி வேறொன்றும் பெறான். தொடரின் பொருளோ, வெறுப்பை அடக்கி ஒன்றைப் பொறுத்துக்கொள்ளுதல். அந்நிய மொழியாளருக்கு ஆங்கிலத்திற் பெரிதும் இடர் விளைப்பன இத்தகைய கூட்டுவினைகளே என்று சாமுவேல் ஜோன்சன், 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிற் குறித்தார். ‘பிரேசல் வேர்ப்’ என்னும் பெயரை லோகன் பியர்சால் சிமித் 1925ஆம் ஆண்டில் தம் நூலில் வழங்கினார். பெயர் கிடைத்தது, இடர் தீர்ந்தபாடில்லை.

ஓரிடத்திற் சில நாள் தங்குதலையும் ‘புட் அப்’ என்பதுண்டு. விடுதியிலாயின் ‘அட்’ சேரும். ஒருவர் வீட்டிலாயின் ‘வித்’ சேரும். இங்கேதான் வில்லங்கம். விடுமுறையிற் கொழும்புக்குச் சென்ற மாணவன், மாமா வீட்டில் தங்கியதைத் தெரிவிக்க எண்ணி, ‘ஐ புட் அப் வித் மை அங்கிள்’ என்று ஆசிரியருக்கு எழுதுவானாயின், ‘மாமாவை ஒருவாறு சகித்துக்கொண்டேன்’ என்றே அவர் கொள்வார். சோறிட்ட மாமாவுக்கு இதனினும் கொடிய கைம்மாறு உண்டோ? ‘ஸ்டே’ என்னும் எளிய வினை இருக்க, இந்த வம்பு வேண்டியதில்லை.

‘டொலரேட்’ என்று ஒரே சொல்லாற் கூறலாகாதா எனின், கூறலாம். ஆயினும் அது அறிக்கை நடை. வீட்டுப் பேச்சில் விறைத்து நிற்கும். தொடர்களைப் பட்டியலாக்கி மனனஞ் செய்விக்கும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டைக் கவனிப்பது அரிது. எதனைச் சகிப்பது என்று காட்டும் ஒரு வாக்கியம், பத்துத் தொடர்கொண்ட பட்டியலினும் பயன் தரும்.

தமிழிற் ‘பொறுத்துக்கொள்’ என்பது இதற்கு ஏறக்குறைய நேரானது. அங்கும் ‘கொள்’ என்பதற்குப் பெறுதற்பொருளை நாம் தேடுவதில்லை. ‘பொறை’யோ வேறு. திருக்குறளின் 16ஆம் அதிகாரமாகிய பொறையுடைமை, தீங்கு செய்தாரையும் பொறுக்கும் பெருந்தன்மையைப் பேசுவது. ‘புட் அப் வித்’ என்பது ஒழுகும் கூரைக்கும் அயல்வீட்டு வானொலியின் இரைச்சலுக்கும் உரியது. வேறு வழியில்லாமையும் முணுமுணுப்பும் அதன் உயிர். பொறையுடைமையை இத்தொடராற் பெயர்ப்பவர் வள்ளுவரையே முணுமுணுக்க வைத்தவராவார். ஜி. யு. போப், 1886ஆம் ஆண்டில் வெளியான தம் மொழிபெயர்ப்பில், அவ்வதிகாரத் தலைப்புக்குப் ‘பேஷன்ஸ்’, ‘போர்பேரன்ஸ்’ என்னும் சொற்களையே ஆண்டார்.