பழைய நிழற்படங்களும் பதிப்பு நெறியும்

1957ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேசிய நியமப் பணியகத்திற் கடமையாற்றிய றசல் கேர்ஷ் என்பாரும் அவர்தம் உடன்பணியாளரும், நிழற்படத்தைக் கணினிக்குட் செலுத்தும் கருவியொன்றை அமைத்தனர். அதிலே முதன்முதலாக இடப்பட்டது கேர்ஷின் மூன்று மாதக் குழந்தையின் படமாகும். ஐந்து சென்ரிமீற்றர்ச் சதுரமான அப்படம் 176 வரிசைகளாகவும், வரிசைக்கு 176 புள்ளிகளாகவும், மொத்தம் 30,976 புள்ளிகளாகப் பகுக்கப்பட்டது. இன்று ஸ்கானர் என வழங்கும் வருடிக்கு முன்னோடி அக்கருவியே. முன்னோரின் படங்கள் பழுதுற்று அழியாமற் காத்தற்கு இன்று இல்லந்தோறும் துணையாகும் இம்முறை, ஒரு குடும்பப் படத்தோடு தொடங்கியமை கருதத்தக்கது.

படங்கள் பழுதுறுவதற்குரிய காரணங்களை முதற்கண் அறிதல் வேண்டும். கறுப்பு வெள்ளைப் படமாவது, காகிதத்தின்மேற் பூசிய செலற்றின் படலத்துள்ளே நுண்ணிய வெள்ளித் துகள்கள் செறிந்து நிற்பதாகும். ஈரக்காற்றும் புகையும் அவ்வெள்ளியைத் தாக்குங்கால் படம் மஞ்சளிக்கும். கரிய பகுதிகளிற் கண்ணாடி போன்ற மினுக்கம் தோன்றும். செலற்றின் பூஞ்சணத்துக்கு உணவாதலின், ஈரம் பட்ட படங்களிற் புள்ளிகளும் விழும். நிறப் படங்களிலோ உருவைத் தருவன சாயங்களே. அவை ஒளியில் மட்டுமன்றி இருளிலும் வெளிறுவன. 1970ஆம் ஆண்டையடுத்த காலத்துப் படங்கள் பல செந்நிறம் பாய்ந்து காணப்படுதற்கு, அவற்றின் நீலப்பச்சைச் சாயம் ஏனையவற்றினும் விரைந்து அழிந்தமையே காரணமாகும்.

இத்தகைய படத்தைத் திருத்த முற்படுவோர் முதலிற் செய்யவேண்டுவது உள்ளதை உள்ளவாறே படியெடுத்தலாகும். படத்தை ஈரத் துணியால் துடைத்தல் ஆகாது. மெல்லிய தூரிகையால் தூசைப் போக்குதலே அமையும். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிரித்தலுங் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே படியெடுத்தல் நன்று. நான்கங்குல அகலமும் ஆறங்குல நீளமுமுள்ள படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வருடினால் 86 இலட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள் கிடைக்கும். இருமடங்கு பெரிதாக அச்சிடுதற்கும் இது போதும். பெற்ற படியை 'டிஃப்' முறையிற் சேமித்தல் வேண்டும். 'ஜேபெக்' முறை இடத்தைச் சுருக்குமெனினும், திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் நுட்பங்கள் சில இழக்கப்படும்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் நிறப் படமாகவே வருடுதல் வேண்டும் என்பர். வருடியானது ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகை ஒளியளவாகப் பதிகின்றது. மஞ்சட் கறை நீல ஒளியை விழுங்கும். சிவப்பொளியைப் பெரும்பாலும் விடும். ஆதலின் நீலப் பதிவிலே கருந்திட்டாகத் தோன்றும் கறை, சிவப்புப் பதிவில் ஏறக்குறைய மறைந்துவிடும். அப்பதிவைக் கொண்டே கறை குறைந்த உருவம் பெறப்படுகின்றது. இங்கே புதிதாகச் சேர்க்கப்பட்டது யாதுமில்லை. மறைந்து கிடந்தது வெளிப்பட்டது, அவ்வளவே. பின்புறச் சுவரிலுள்ள கீறலை அருகிலுள்ள புள்ளிகளைக் கொண்டு நிரப்புதலும் பெருந்தீங்கு விளைப்பதன்று.

ஆயின், கிழிவு முகத்தின்மேல் விழுந்தவிடத்து நிலைமை வேறாகும். செயற்கை நுண்ணறிவினால் இயங்கும் இக்காலச் செயலிகள், எண்ணிறந்த முகங்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. அழிந்த கண்ணையும் வாயையும் நொடிப்பொழுதில் அமைத்துத் தருவன. அக்கண் பாட்டியாரின் கண்ணன்று. பலர் கண்களினின்றும் ஊகித்துப் பெற்ற ஒன்றாகும். நிறமூட்டுதலும் இத்தகையதே. சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒரே சாம்பல் நிறமாய் விழுதல் கூடும். சிவப்பொளியை உணராத பழைய தட்டுக்களிலே குங்குமப் பொட்டும் கரும்பொட்டாகவே பதியும். அதனைச் சாந்துப் பொட்டெனச் செயலி கொண்டால், அத்தவறு வழிவழிச் செல்லும்.

இவ்விடத்து ஏட்டுப் பதிப்பாளர் கைக்கொண்ட நெறி வழிகாட்டுவதாகும். 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கினர். எழுத்துச் சிதைந்தவிடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுதல் நல்ல பதிப்பின் இலக்கணம். தாமே பாடி நிரப்புதல் அன்று. அவர்க்காவது ஒப்புநோக்க வேற்றேடுகள் கிடைத்தன. போரினாலும் இடப்பெயர்வுகளினாலும் வீடும் ஆவணமும் இழந்த ஈழத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு, மறைந்தவரின் படமென எஞ்சியது ஒன்றேயாம். அவ்வொன்றும் மாற்றப்பட்டுவிடின், மெய்யுரு இன்னதென ஒப்புநோக்குதற்கு வேறொன்றில்லை.

ஆகவே, முதற் படியை எவ்வகைத் திருத்தமுமின்றி இரண்டு வேறிடங்களிற் காத்தல் வேண்டும். திருத்திய படியிலே, திருத்தப்பட்டது என்பதும் ஊகத்தால் நிரப்பிய பகுதி இதுவென்பதும் குறிக்கப்படல் வேண்டும். நிறைவாக, படத்திலுள்ளார் பெயரும் முறையும் ஊரும், அவர்களை அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டெழுதப்படல் வேண்டும். கீறலை இன்னும் பத்தாண்டு கழித்தும் நீக்கலாம். பெயரைச் சொல்லவல்லார் அதுவரை இருப்பர் என்பது உறுதியன்று.