வினாவும் எதிர்வினாவும்

நன்னூலார் விடையை எட்டு வகையாகப் பகுத்தார். அவற்றுள் ஒன்று வினா எதிர் வினாதல். “நாளைப் பள்ளிக்கு வருவாயா?” என்று ஆசிரியர் கேட்க, “வாராதிருப்பேனா?” என்று மாணவன் கூறுகிறான். வடிவால் இது வினாவாயினும், ‘வருவேன்’ என்னும் விடை இதனுள் அடங்கியிருக்கிறது. அதனாலன்றோ இலக்கணம் இதனை விடையென ஏற்றது! அரசியல் மேடையிலும் எதிர்வினா வழங்குகிறது. ஆனால் அதனுள் விடை இருப்பதில்லை.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றை நோக்குவோம். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்க 2002-இல் டாக்டர் மகாதீர் அரசாங்கம் முடிவு செய்தது. 2003-இல் முதலாம் ஆண்டு, முதலாம் படிவம், கீழ் ஆறாம் படிவம் ஆகிய வகுப்புகளில் அது தொடங்கிற்று. தமிழ்ப் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல.

ஆசிரியர்க்கு அவ்வாங்கிலம் கைவருமா? வீட்டில் ஆங்கிலம் கேளாத தோட்டத்துப் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு விளங்குமா? இவை சோதித்து அறியத்தக்க வினாக்கள். மேடையிலோ, “உனக்கு மொழிப்பற்று இல்லையா?” என்றனர் ஒரு சாரார்; “முன்னேற்றம் வேண்டாமா?” என்றனர் மறு சாரார். 2009 மார்ச்சில் கோலாலம்பூரில் பெரும் பேரணி நடந்தது. அவ்வாண்டு ஜூலையில், திட்டம் கைவிடப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது.

2016-இல் இருமொழித் திட்டம் வந்தது. போதிய வளம், ஆசிரியரின் ஆயத்தம், பெற்றோரின் இசைவு, மலாய்மொழித் தேர்ச்சி ஆகியவை அதில் சேரும் பள்ளிக்குரிய நிபந்தனைகள். யாவும் நடைமுறை பற்றியனவே. எனினும், நிபந்தனை நிறைவேறியதா என்னும் வினா, தமிழுக்கு நண்பர் யார், பகைவர் யார் என்னும் பூசலில் மறைந்தது.

மொழியுணர்ச்சி பொய்யன்று. தமிழ்ப் பள்ளியின் பயிற்றுமொழி தமிழாகவே இருத்தல் வேண்டுமா என்பதும் நேரிய வினாவே. ஆயினும் அது வேறு வினா. அதற்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும், ஆசிரியரின் ஆங்கிலத் தகுதி அதனால் தெரியவராது.

பேச்சாளர் ஏன் இவ்விரண்டையும் கலக்கிறார்? தகுதியைப் பற்றிப் பேசினால் கணக்குக் காட்ட வேண்டும். இனத்தைப் பற்றிப் பேசினால் கைதட்டல் உடனே கிடைக்கும். கேடு அதனோடு நிற்பதில்லை. கருத்தை மாற்றிக்கொள்வது துரோகம் என்றாகிவிட்டால், பிழையைத் திருத்த எவர் துணிவார்? பேச்சாளர் மேடையை விட்டு இறங்கிச் சென்றபின்னும், பின்னம் விளங்காத பிள்ளை வகுப்பில் அமர்ந்திருக்கும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, விடைவகை கற்பிக்கும் நாளில் செய்தித்தாளிலிருந்து ஓர் உரையை மாணவர்க்குக் கொடுங்கள். கேட்ட வினா யாது, கிடைத்த விடை எவ்வகை என்று அவர்களே பகுத்துக் காணட்டும்.