தேனெடுத்தபின் அடைகளைக் காத்தல்

தேனீ வளர்ப்பைப் பற்றிய நூல்களுட் பல குளிர்நாட்டாருக்கென எழுந்தவை. தேனெடுத்த வெற்றடைகளைப் பனிக்காலம் முழுவதும் குளிர்ந்த கொட்டிலில் வைத்திருக்கலாம் என அவை கூறும். கண்டியில் அவ்வாறு வைத்தால் அடைகள் சில வாரங்களிற் பாழாகும். இதன் காரணத்தையும், இங்கு செய்யத்தக்கதையும் ஈண்டு நோக்குவாம்.

அடையின் அருமை

1851 இல் லாங்ஸ்ட்ரோத் என்னும் அமெரிக்கர், தேனீக்கள் அடைத்துவிடாது நடமாடுதற்கு விடும் இடைவெளியின் அளவைக் கண்டார். அதனாற் சட்டங்களைத் தனித்தனியே எடுக்கத்தக்க பெட்டி உருவாயிற்று. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருச்சிராப்பள்ளியிலிருந்த நியூட்டன் பாதிரியார், உருவிற் சிறிய நம் நாட்டுத் தேனீக்கேற்ற பெட்டியை அமைத்தார். இப்பெட்டியின் அடையைச் சிதைக்காது பொறியிற் சுழற்றித் தேனெடுத்து, மீண்டும் தேனீக்கே கொடுக்கலாம். ஒரு கிலோ மெழுகைச் சுரக்கத் தேனீக்கள் 6 முதல் 8 கிலோ வரை தேனுண்ணும் என்பது வழக்கிலுள்ள கணிப்பு. ஆதலின் அடையைக் காப்பது வருங்காலத் தேனைக் காப்பதேயாம்.

பகை யாது?

அடைகளின் பெரும்பகை மெழுகந்து. இதன் புழு மெழுகைத் துளைத்து, நூலாம்படை பின்னி, மரச்சட்டத்தையும் அரிக்கும். தூய மெழுகு மட்டும் இதற்குப் போதிய உணவன்று. மகரந்தமும் தேனீக் குஞ்சுகள் விட்ட தோலும் கலந்த கரிய அடைகளையே பெரிதும் நாடும். குளிரில் இதன் வளர்ச்சி தளரும். உறைகுளிரில் இது மடியும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியிலோ ஆண்டு முழுவதும் சராசரி வெப்பம் 25 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழையில் அடைகளிற் பூஞ்சணமும் பிடிக்கும். எனவே பிறநாட்டிற் பனி செய்யும் காவலை இங்கு வளர்ப்போனே செய்தல் வேண்டும்.

காக்கும் முறை

தேனெடுத்த அடைகளை மாலைவேளையில் அக்கூட்டிலேயே திரும்ப வைத்தால், எஞ்சிய தேனைத் தேனீக்கள் நக்கித் துப்புரவாக்கும். பிற கூட்டுத் தேனீக்கள் கொள்ளையிட வருவதும் குறையும். பின்னர் அடைகளைத் தரம் பிரிக்க. கரிய பழைய அடைகளை உருக்கி மெழுகாக்குதலே நன்று. மெழுகு ஏறத்தாழ 63 பாகையில் உருகுமாதலால், நேரே நெருப்பிலேற்றாது வெந்நீரில் வைத்த பாத்திரத்தில் உருக்குக.

வெளிறிய நல்லடைகளை உறைபெட்டியில் வைத்தல் சிறந்த வழி. அடை முழுவதும் குளிர்ந்தபின், பூச்சியம் பாகைக்குக் கீழே 7 பாகையில் நாலரை மணி நேரமும், 15 பாகையில் இரண்டு மணி நேரமும் முட்டை உட்பட யாவற்றையும் அழிக்கும். வெளியே எடுத்து ஈரம் உலர்ந்தபின் அந்து புகாவண்ணம் கட்டி வைக்க. உறைபெட்டி இல்லார், ஒளியும் காற்றும் புகும் இடத்தில் இடைவெளி விட்டுத் தொங்கவிடலாம். கந்தகப் புகை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆதலின் இரு வாரத்தின் பின் மீண்டும் புகையூட்டுதல் வேண்டும். அந்துருண்டையை அறவே விலக்குக. அதன் நஞ்சு மெழுகிற் படிந்து தேனையும் கெடுக்கும்.

தேன் பிழியும் பொறியை முதலிற் குளிர்ந்த நீராற் கழுவுக. வெந்நீரை முதலில் ஊற்றின் மெழுகு உருகி எங்கும் ஒட்டும். பெட்டிகளைக் கறையானுக்கு எட்டாத உயரத்தில் அடுக்குக.

இறுதியாக ஒன்று. தேனீக்கள் மூடி நிற்கக்கூடிய அளவுக்கு மேற்பட்ட அடைகளைக் கூட்டிலும் விட்டுவைத்தலாகாது. காவலற்ற அடையில் அந்து பெருகினால், நம் நாட்டுத் தேனீ கூட்டையே கைவிட்டுப் பறந்துவிடும். அடையைக் காவாதவன் அடையோடு குடியையும் இழப்பான்.