பாவையின் இரு குரல்: தொடக்கக் காலச் சிறுவர் தொலைக்காட்சிப் பாவைக்கூத்தில் மெல்லிசையும் வளர்ந்தோர் நகைச்சுவையும்

முன்னுரை

தமிழ்ப்பள்ளிகளில் விரற்பாவையும் கைப்பாவையும் பயிற்றுத் துணைப்பொருள்களாக இடம்பெற்று வருவதை நாம் அறிவோம். பாலர் வகுப்பிலும் முதல் நிலை வகுப்புகளிலும் கதை கூறவும், உரையாடல் பழக்கவும், கூச்சமுள்ள மாணவரைப் பேசவைக்கவும் அவை துணைநிற்கின்றன. ஆயினும், வகுப்பறைப் பாவை பெரும்பாலும் நற்பண்பு கூறும் பாவையாகவே இருக்கின்றது. அது பாடும் பாடல் பாடநூற் பாடல். அது விளைவிக்கும் சிரிப்பு வழுக்கி விழுவதால் எழும் சிரிப்பு. வளர்ந்தோர் சிரிக்கத்தக்க எதுவும் சிறுவர் நிகழ்ச்சியில் இடம்பெறலாகாது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது.

பாவைக்கலையின் வரலாறு இவ்வெண்ணத்திற்கு அரண் செய்யவில்லை. தமிழ்ப் பாவைக்கூத்தும் மலாய் நிழற்கூத்தும் மேலைநாட்டுத் தொடக்கக் காலத் தொலைக்காட்சிப் பாவைகளும் மக்கள் விரும்பிய மெல்லிசையையும் வளர்ந்தோர்க்குரிய நகைச்சுவையையும் தம்முள் கொண்டே வளர்ந்தன. அதற்குரிய காரணத்தையும், தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு அது உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

நகையின் நான்கு நிலைக்களன்கள்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்கிறார். எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை என்பது பிள்ளைத்தன்மை. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பிறர் கூறியதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல். இப்பாகுபாடு நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுகின்றது.

சிறுவர் சிரிப்புப் பெரும்பாலும் பேதைமையின் அடியாகவும் மடனின் அடியாகவும் தோன்றுவது. பாவை ஒரு சொல்லைத் தவறாகக் கேட்கின்றது. தவற்றையே மீண்டும் கூறுகின்றது. குழந்தை தனக்குத் தெரிந்தது பாவைக்குத் தெரியவில்லை என்று மகிழ்கின்றது. எள்ளலின் அடியாகத் தோன்றும் நகைக்கோ உலகியல் அறிவு தேவை. எள்ளப்படுவது யாது என அறிந்தவரே அதற்குச் சிரிப்பர். ஒரே கூற்று ஒருவருக்குப் பேதைமையாகவும் மற்றொருவருக்கு எள்ளலாகவும் அமையுமாயின், அதுவே இரு குரலில் பேசும் பாவை. தமிழ் மரபு சிலேடை என்று போற்றும் உத்தியும் இதனோடு நெருங்கிய உறவுடையது.

தமிழ், மலாய்க் கூத்து மரபு

நூலால் இயங்கும் மரப்பாவை திருக்குறளின் 1020ஆம் குறளில் உவமையாக வருகின்றது. திருமகள் ஆடிய பாவைக்கூத்து சிலப்பதிகாரம் கூறும் பதினோராடல்களுள் ஒன்று. எனவே, பாவை தமிழர்க்கு மிகப் பழைய அறிமுகம். பிற்காலத்தில் தென் தமிழகத்தில் மராத்தி பேசும் கணிகர் சமூகத்தார் நிகழ்த்திய தோற்பாவைக்கூத்து நம் ஆய்வுக்கு மிக அண்மையது. மு. இராமசுவாமி, அ. கா. பெருமாள் ஆகியோர் இக்கலையை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

தோற்பாவைக்கூத்தின் கதை இராமாயணம். பல இரவுகள் தொடர்ந்து நிகழ்வது. திரைக்குப் பின் ஒருவரே பாவைகளை இயக்கி எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். இக்காவியக் கதையினூடே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் இரு நகைச்சுவைப் பாவைகள் தோன்றுகின்றன. இவர்கள் வான்மீகியிடமும் இல்லை, கம்பனிடமும் இல்லை. இவர்கள் பேசுவது பார்வையாளரின் ஊர்ப்பேச்சு. ஊரில் நடந்தது, விலைவாசி, கணவன் மனைவி பிணக்கு ஆகிய அனைத்தும் இவர்கள் வாயில் வரும். அடிபட்டு விழும்போது சிறுவர் சிரிப்பர். இருபொருள்படப் பேசும்போது பெரியோர் சிரிப்பர். திரைப்படங்கள் பெருகிய பின்னர் திரையிசையும் இக்கூத்தினுள் புகுந்தது. புராணப் பாத்திரங்கள் பழைய மெட்டில் பாட, நகைச்சுவைப் பகுதிகளில் மக்கள் நாவில் புழங்கிய திரைப்பாடல்கள் ஒலித்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) வளர்த்த இசை நாடக மேடையில் பபூன் ஆற்றிய பணியும் இத்தகையதே.

நம் நாட்டுக் கிளந்தான் நிழற்கூத்திலும் இதனைக் காண்கிறோம். இராமாயணத் தொடர்புடைய கதையின் நடுவே பாக் டோகோல், வாக் லோங் என்னும் இருவர் கிளந்தான் வட்டார மொழியில் நகையாடுவர். கடவுளரும் அரசரும் உயர்நடையில் பேச, இவர்கள் சந்தை மொழியில் பேசுவர். கூத்து நடக்கும் இடத்தில் பாட்டனும் பேரனும் ஒரே பாயில் அமர்ந்திருந்தனர் என்பதே இவ்வமைப்பின் அடிப்படை. பார்வையாளர் பல வயதினராக இருக்கும்போது கலையும் பல குரலில் பேசியாக வேண்டும்.

தொலைக்காட்சியின் தொடக்கக் காலம்

அமெரிக்கத் தொலைக்காட்சி தன் தொடக்க ஆண்டுகளிலேயே பாவையை நாடியது. 1947இல் சிகாகோவில் பர் டில்ஸ்ட்ராம் தொடங்கிய ‘குக்லா, ஃபிரான், ஆலி’ சிறுவர்க்கென அமைந்தது. ஆனால், அதனைப் பார்த்தோருள் பெரியோரே மிகுதி எனப்பட்டது. எழுதிவைத்த உரையாடலின்றி, திரைமுன் நின்ற ஃபிரான் அலிசனோடு பாவைகள் அன்றாட வாழ்வைப் பேசின. 1951இல் அதன் நேரம் அரை மணியிலிருந்து கால் மணியாகக் குறைக்கப்பட்டபோது பார்வையாளரின் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. 1949இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பாப் கிளாம்பெட் தொடங்கிய ‘டைம் ஃபார் பீனி’ சிறுவர் கதையினூடே நாட்டு நடப்பை எள்ளியது.

1955இல் வாஷிங்டன் நகர நிலையம் ஒன்றில், பதினெட்டு வயதினரான ஜிம் ஹென்சன், உடன் பயின்ற ஜேன் நெபலின் துணையோடு ‘சாம் அண்ட் ஃபிரண்ட்ஸ்’ என்னும் ஐந்து நிமிட நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1961 வரை அது நடந்தது. தொடக்கத்தில் இப்பாவைகளுக்குச் சொந்தக் குரல் இல்லை. சந்தையில் விற்பனையான மெல்லிசைத் தட்டுகளும் நகைச்சுவைத் தட்டுகளும் ஒலிக்க, பாவைகள் அவற்றுக்கேற்ப வாயசைத்தன. தாயின் பழைய மேலங்கித் துணியும் மேசைப்பந்தின் இரு பாதிகளும் கொண்டு ஹென்சன் செய்த பாவையே பின்னர் உலகப் புகழ்பெற்ற கெர்மிட் ஆயிற்று.

இங்கு இரண்டினை நோக்குதல் தகும். முதலாவது, பாடலைக் கடன்பெற்றமைக்குரிய காரணம். தட்டிலுள்ள பாடல் எளிதிற் கிடைப்பது. அதனினும் மேலாக, பார்வையாளர் முன்பே அறிந்தது. காதலுருக்கமான குரல் துணியாலான ஒரு பாவையின் வாயினின்று வரும்போது பாடலுக்கும் பாவைக்கும் இடையே தோன்றும் முரணே நகையாகின்றது. பாடலை அறியாத குழந்தை பாவையின் ஆட்டத்திற்குச் சிரிக்கும். அறிந்த பெரியவர் முரணுக்குச் சிரிப்பார். தோற்பாவைக் கலைஞர் திரைப்பாடலைக் கையாண்டமைக்கும் இதுவே விளக்கம் எனலாம். இரண்டாவது, தொழில்நுட்பம். ஹென்சன் பாவைமேடையை நீக்கி, தொலைக்காட்சிச் சட்டகத்தையே மேடையாக்கினார். இயக்குவோர் காட்சிப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே பாவையை இயக்கினர். அண்மைக் காட்சியில் மென்துணி முகத்தின் சிறு சுளிப்பும் புலனாயிற்று. அடிதடி நகைக்கு அப்பால், முகக்குறிப்பால் எள்ளும் நகைக்கு இடம் பிறந்தது.

ஆய்வு கண்ட உண்மை

1969 நவம்பர் 10இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ இம்மரபைக் கல்வித் திட்டமாக்கியது. ஜோன் கான்ஸ் கூனியும் லாயிட் மோரிசெட்டும் இதன் நிறுவனர்கள். பெரியவர் உடனமர்ந்து பார்த்து, பார்த்ததைப் பற்றிக் குழந்தையுடன் பேசும்போது கற்றல் வலுப்பெறும் என்பதைக் கருத்திற்கொண்டு, பெரியவரை அறையில் இருத்திவைப்பதற்காகவே புகழ்பெற்ற பாடகரும் பகடிப் பாடல்களும் நிகழ்ச்சியில் சேர்க்கப்பட்டனர். 1973இல் ஸ்டீவி வொண்டர் தம் இசைக்குழுவோடு வந்து பாடினார். பீட்டில்ஸ் பாடலொன்றைப் பகடி செய்த பாட்டு ஓர் எழுத்தினைக் கற்பித்தது. அப்பகடியை உணரக் குழந்தைக்கு மூலப்பாடல் தெரிய வேண்டியதில்லை. எழுத்து தெரிந்தாற் போதும்.

ஆனால், வளர்ந்தோர்க்குரியது மிகுந்தால் விளையும் கேட்டினையும் அவ்வாய்வே காட்டிற்று. எட்வர்ட் பால்மர், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஏழரை வினாடிக்கு ஒருமுறை மாறும் படங்களைக் காட்டி, குழந்தையின் கண் எப்போது பெட்டியை விட்டு அகல்கின்றது என அளந்தார். ஒளிபரப்புக்கு முன் நடந்த சோதனையில், பெரியவர் மட்டும் பேசிய தெருக்காட்சிகளில் குழந்தைகளின் கவனம் சிதறியது. அதன் பின்னரே அத்தெருவினுள் பாவைகள் கொண்டுவரப்பட்டன. ஆக, வளர்ந்தோர் நகை குழந்தையின் நகைமீது ஏறி வரவேண்டுமேயன்றி, அதனை விலக்கிவிட்டு வரலாகாது.

1976 முதல் 1981 வரை பிரிட்டனில் உருவான ‘மப்பெட் ஷோ’ 120 நிகழ்ச்சிகளைக் கண்டது. பாவை சிறுவர்க்கே உரியது என்னும் கருத்தினால் அமெரிக்க நிறுவனங்கள் ஏற்க மறுத்த இந்நிகழ்ச்சிக்கு லூ கிரேடு இடமளித்தார். அதில் மாடத்தில் அமர்ந்து நிகழ்ச்சியையே ஏசும் இரு கிழவர்ப் பாவைகள் உண்டு. ஊர்த் திடலில் கூத்தாடியை நோக்கிக் குரல் கொடுக்கும் முதியவரை அவை நமக்கு நினைவூட்டுகின்றன.

தோட்டப்புறமும் தமிழ்ப்பள்ளியும்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில் வளர்ந்தோர்க்குப் பல வயதினர் கூடிய பார்வையாளர் திரள் புதிதன்று. கோயில் திருவிழா நாடகம், திடலில் விரித்த திரையில் காட்டப்பட்ட படம் ஆகிய எதுவும் வயதால் பிரிக்கப்படவில்லை. 1963 டிசம்பர் 28இல் நம் நாட்டில் தொலைக்காட்சி தோன்றிய பின்னர், பெட்டி இருந்த வீட்டு வாசலிலும் பொது மண்டபத்திலும் அக்கூட்டமே கூடியது. குழந்தை தனக்கு விளங்காத இடத்தில் பாட்டி ஏன் சிரித்தாள் என்று வினவியது. சொல்வளம் பெருகிய இடம் அதுவே.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தமையால் இக்கூட்டம் கலைந்தது. இன்று குழந்தை கைப்பேசித் திரையில் தனியே பார்க்கின்றது. அருகில் வினவ யாருமில்லை. தனியே பார்க்கும் குழந்தைக்கென ஒற்றைக் குரலில் பேசும் நிகழ்ச்சி உருவாகின்றது. அவ்வொற்றைக் குரல் பெரியவரை மேலும் விலகியிருக்கச் செய்கின்றது. இதில் நாம் இழப்பது சிரிப்பை மட்டுமன்று. தலைமுறைகளுக்கிடையே தமிழ் பேசப்படும் ஒரு சூழலையும் ஆகும்.

ஆசிரியர் செய்யத்தக்கது யாது? ஒரு சிறு காட்சியை இங்கு அமைத்துக் காட்டுகிறோம். ஆசிரியப் பாவை, ‘ஐந்துக்கு அடுத்து என்ன?’ என்று கேட்கின்றது. மாணவப் பாவை, ‘ஆறு’ என்கின்றது. ‘அந்த ஆற்றை எழுதிக் காட்டு’ என்றதும், மாணவப் பாவை இரண்டு கோடுகளை வரைந்து, ‘ஐயா, கரை மட்டும்தான் இருக்கிறது. மணலை லாரியில் ஏற்றிவிட்டார்கள்’ என்கின்றது. எண்ணை ஆறாக மயங்கிய பேதைமைக்கு முதலாம் ஆண்டு மாணவர் சிரிப்பர். மணல் அள்ளும் தொழில் நிகழும் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துப் பெற்றோர் வேறொன்றிற்குச் சிரிப்பர். ‘அம்மா ஏன் சிரித்தீர்கள்?’ என்னும் வினாவோடு பாடம் வீட்டுக்குச் செல்லும். பள்ளிக் கலைநிகழ்ச்சி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் ஆகியவற்றில் இத்தகைய காட்சிகளை அரங்கேற்றலாம். பெற்றோர் அறிந்த பழைய திரைமெட்டில் புதிய சொற்களை அமைத்துப் பாவையைப் பாடவைக்கலாம்.

எல்லா எள்ளலும் ஏற்கத்தக்கதன்று என்பதையும் வலியுறுத்த வேண்டும். பழைய கூத்துகளில் சாதி, நிறம், உடற்குறை, பெண்மை ஆகியவற்றை இழித்துரைக்கும் பகுதிகள் உண்டு. தோட்டத்து மக்களின் பேச்சையும் உடையையும் நகர மேடைகள் எள்ளியதை நாமே கேட்டிருக்கிறோம். அவ்வெள்ளலுக்கு இலக்கானோரின் பெயரர்களே இன்று நம் வகுப்பறையில் அமர்ந்துள்ளனர். வலியோரை எள்ளும் நகை குழந்தைக்குத் துணிவு தரும். எளியோரை எள்ளும் நகை அதன் நாவை அடக்கும். நகைச்சுவையைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் பார்ப்பவரின் வயது மட்டுமன்று. எள்ளப்படுபவர் யார் என்பதும் ஆகும்.

முடிவுரை

பாவைக்கூத்தில் மெல்லிசையும் வளர்ந்தோர் நகையும் இடம்பெற்றமை ஒழுக்கக்கேடு என்றோ கலைச்சிதைவு என்றோ கொள்ளத்தக்கதன்று. பல வயதினரை ஒருங்கே அமர்த்துவதற்குக் கலைஞர் கண்ட வழி அது. தோற்பாவைத் திரையும் தொலைக்காட்சித் திரையும் காலத்தாலும் கருவியாலும் வேறுபட்டபோதிலும் இவ்வகையில் ஒன்றுபடுகின்றன. பாவையின் வாயில் இரண்டாவது குரலை மீண்டும் வைப்பது, குழந்தையின் அருகில் ஒரு பெரியவரை மீண்டும் அமர்த்துவதாகும். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கையிலுள்ள சிறு துணிப்பாவைக்கு அப்பணி இயலாததன்று.